காற்றைக் குடித்த ஊர்

அந்தப் புடவை தங்கப்பழத்தைக் கடித்தது.

கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருந்த அம்மாளுக்கு முன்னால், பளபளக்கும் சிந்தெட்டிக் புடவை ஒன்றை வழக்கம்போல் உதறி விரித்தார். பொரி பொரிவது போல் படபடவென்று ஒரு சத்தம். புடவையின் ஓரத்திலிருந்து நீலப் பொறி ஒன்று தாவி அவர் நடுவிரலைச் சுட்டது.

"ஆத்தாடி!" என்று பின்னால் நகர்ந்தாள் அந்த அம்மாள். "என்ன அண்ணாச்சி, சேலையோட கரன்ட்டையும் சேத்து விக்கிறீங்களா?"

"கரன்ட்டுக்குத் தனி பில்லு கிடையாதும்மா. சேலை எடுத்தா இலவசம்."

சிரித்துக்கொண்டே சொன்னார். அவள் போன பிறகும் விரல் எரிந்தது. சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. போன மாதமும் சேலைகள் சடசடத்தன. ஆனால் வெளிச்சம் தெரிகிற அளவுக்குப் பொறி பறந்தது இன்றுதான்.

கல்லாவைப் பூட்டிவிட்டு மொட்டைமாடிக்கு ஏறினார்.

வேலாண்டிபுரத்தில் தங்கப்பழத்துக்கு இரண்டு அடையாளம். ஒன்று, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள ஜவுளிக்கடை. இன்னொன்று, மொட்டைமாடியில் வெள்ளையடித்த மரப்பெட்டிக்குள் அவர் வைத்திருக்கும் தெர்மாமீட்டர்களும், அதற்குப் பக்கத்தில் நிற்கும் மழைமானியும். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, போன மாதம் எப்படிக் காய்ந்தது, எந்தப் பக்கமிருந்து காற்று வந்தது, தூறலாவது உண்டா என்று பேசிப் பதிவு செய்து ஊர் வாட்ஸப் குழுவில் போடுவார். 'வணக்கம். வேலாண்டிபுரம் மாத வானிலை. வாசிப்பது தங்கப்பழம்' என்று அவர் தொடங்கும் தோரணையைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட நடித்துக் காட்டும். சாத்தூரைத் தாண்டி இந்தக் கரிசல் காட்டில் வானிலை என்று சொல்ல என்ன இருக்கிறது? வெயில் இருக்கிறது. அதுதான் பட்டாசுக் கம்பெனிகளை இங்கே இழுத்து வந்தது.

"மழைமானிக்குள்ள பல்லி முட்டை வச்சிருக்கு. இந்த மாசத்துக் கணக்குல அதையும் சேத்துச் சொல்லுங்க" என்பாள் அவர் மனைவி ஜெயக்கொடி. ஊருக்குக் கிழக்கே பள்ளத்தில் இருக்கும் பட்டாசுக் கம்பெனியில் அவள் போர்மேன். பூச்சட்டி வாணத்துக்கு வெடிமருந்து செலுத்தும் பெண்கள் எல்லாரும் அவள் பொறுப்பு. அவருடைய பதிவை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

பெட்டியைத் திறந்து பார்த்த தங்கப்பழம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

இரண்டு தெர்மாமீட்டர். ஒன்று சும்மா தொங்குவது. இன்னொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ, அவ்வளவுக்கு ஈரத்துணி சீக்கிரம் உலரும், அந்தப் பாதரசம் கீழே இறங்கும். இன்றைக்கு அது இறங்கியிருந்த இறக்கத்தை, சித்திரை வெயிலில்கூட அவர் பார்த்ததில்லை. காற்றில் ஈரம் என்று ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லை.

மேற்கே பார்த்தார். மேட்டில், காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் பனிக்கூடத்தின் வலைக் கோபுரங்கள் வரிசையாக நின்றன. கிழக்கே பார்த்தார். பள்ளத்தில் பட்டாசுக் கம்பெனியின் தகரக் கூரைகள். செங்கல் சூளைப் புகை வளையாமல் நேராக மேலே போயிற்று. ஆடியில் தொடங்கிய மேல்காற்று ஓய்ந்துவிட்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பொறி ஜவுளிக்கடையில் விழுந்தால் சிரிக்கலாம். மருந்து செலுத்தும் அறையில் விழுந்தால்?

ஜெயக்கொடிக்கு போன் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எல்லார் போனும் வாசலில் ஒரு பெட்டிக்குள் கிடக்கும். மேனேஜருக்கு அடித்தார்.

"அண்ணாச்சி, நான் லோடு ஏத்த டவுனுக்கு வந்திருக்கேன். என்ன விஷயம்?"

"காத்து ரொம்பக் காய்ஞ்சு கெடக்கு தம்பி. இன்னிக்கு மருந்து வேலை வேண்டாம். நிறுத்தச் சொல்லுங்க."

மறுமுனையில் சிரிப்பு. "காய்ஞ்சா நல்லதுதான அண்ணாச்சி? சரக்கு சீக்கிரம் காயும். தீவாளிக்கு இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு நெனைச்சீங்க? உங்க மாச வானிலைய அப்புறமா கேட்டுக்கிறேன்."

போன் வைக்கப்பட்டது. தங்கப்பழம் கீழே இறங்கி ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டே, ஹெட்செட்டைக் காதில் மாட்டி ஹெலனை அழைத்தார்.

ஹெலன் பனிக்கூடத்தின் இன்ஜினியர். ஊரில் அவருடைய பதிவை ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டுச் சந்தேகம் கேட்கும் ஒரே ஆள். பனிக்கூடம் வருவதற்கு முன்னால் மூன்று ஊர்ச் சனமும் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். கிணறும் கிடையாது, கண்மாயும் கிடையாது. இரவும் பகலும் காற்றிலிருக்கும் ஈரத்தை வலைகள் உறிஞ்சித் தண்ணீராக்க, குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. கோபுரத்துக்குப் பொங்கல் வைத்துக் கும்பிட்ட சனம்.

"ஹெலன், மிஷின் இன்னிக்கு எவ்வளவு இழுக்குது?"

"முழு வேகம் அண்ணாச்சி. முகூர்த்த நாள், மூணு ஊர்லயும் தண்ணிச் செலவு ஜாஸ்தி. தொட்டி குறைஞ்சா அது தானா வேகம் கூட்டிக்கும். ஏன்?"

"ஈரத்தை எடுத்த பெறகு அந்தக் காத்து எங்க போகும்?"

"வெளிய விட்டுரும். எப்பவும் காத்தடிக்கும்ல, கலந்துரும்."

"இன்னிக்குக் காத்தே இல்லம்மா! காய்ஞ்ச காத்து அப்படியே உருண்டு பள்ளத்துல போய்த் தேங்கி நிக்குது. என் கடையில சேலையில இருந்து பொறி பறக்குது. பள்ளத்துல என்ன இருக்குன்னு யோசிச்சுப் பாரு."

"அங்க எர்த் தகடு இருக்குமே அண்ணாச்சி? உள்ள போறப்ப செம்புத் தகட்டைத் தொட்டுட்டுப் போனா உடம்புல இருக்கிற மின்சாரம் மண்ணுக்குள்ள இறங்கிரும்."

"இருக்கு. தெனம் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் எல்லாரும் உள்ள..."

சொல்லிக்கொண்டிருந்தவர் சட்டென்று பிரேக்கைப் பிடித்தார்.

போன ஆயுத பூஜைக்குக் கம்பெனிக்குப் போனபோது அந்தத் தகட்டை அவரே பார்த்திருக்கிறார். உயிரைக் காப்பாற்றுகிற தகடு என்று பெண்கள் அதைச் சாமியாகவே ஆக்கிவிட்டார்கள். தகட்டம்மா என்று பெயர். வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய்க் காப்பு, சந்தனம், அதன்மேல் குங்குமம். வருஷக்கணக்கில் அப்பி அப்பி, செம்பு எங்கேயிருக்கிறது என்றே தெரியாது. தொட்டால் விரலில் படுவது காய்ந்த சந்தனம்தான்.

"தாயி," என்றார். "அந்தத் தகட்டுல செம்பே தெரியாது. குங்குமந்தான் தெரியும். காத்துல கொஞ்சம் ஈரம் இருந்த வரைக்கும் ஒப்பேத்திருக்கு. இன்னிக்கு அது வெறும் பலகை."

"மிஷினை நிறுத்தட்டுமா?"

"நிறுத்தினா காத்து எப்ப ஈரமாகும்?"

"ராத்திரி ஆகிரும்."

"அப்ப பிரயோஜனம் இல்ல. இப்பவே ஈரம் வேணும். வழி இருக்கா?"

"இருக்கு," என்றாள் ஹெலன் மெல்ல. "வலை கழுவுறதுக்குப் பீய்ச்சுக் குழாய் இருக்கு. தொட்டித் தண்ணிய அதுல விட்டு, காத்தை இழுக்கிற காத்தாடிய திருப்பிச் சுத்தவிட்டா, பனி மாதிரி பள்ளத்துல போய் இறங்கும். ஆனா மொத்தத் தொட்டியும் காலியாயிரும் அண்ணாச்சி. மூணு ஊருக்கு நாளைக்கு ஒரு சொட்டு கிடையாது. ஆஸ்பத்திரிக்கும்தான். ரெண்டு கல்யாண வீடு வேற. என் வேலை போறதப் பத்தி நான் சொல்லல..."

"உள்ள என் பொண்டாட்டி இருக்கா. அவகூட அத்தனை பொம்பளைங்க இருக்காங்க."

"நீங்க தப்பாச் சொல்ல மாட்டீங்க" என்றாள் ஹெலன். இணைப்பு அறுந்தது. செய்வாளா மாட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

கம்பெனி வாசலில் ஸ்கூட்டியைப் போட்டுவிட்டு ஓடினார். வாட்ச்மேன் சீனிவேல் கையை விரித்துக் குறுக்கே நின்றான்.

"அண்ணாச்சி, எங்க இந்த ஓட்டம்?"

"வழிய விடு. ஜெயக்கொடியப் பாக்கணும்."

"இந்தச் சட்டையோடவா?"

குனிந்து பார்த்தார். தன் கடையிலேயே எடுத்த பாலியெஸ்டர் சட்டை. வெயிலில் ஸ்கூட்டி ஓட்டி வந்ததில் மார்போடு ஒட்டிக்கொண்டு, இழுத்தால் சடசடத்தது. கையிலிருந்த ரோமங்கள் எல்லாம் நட்டுக்கொண்டு நின்றன. தங்கப்பழம் அசையாமல் நின்றார். உள்ளே போய் எச்சரிக்கை சொல்ல வந்த அவரே ஒரு தீக்குச்சி.

கம்பி வேலிக்கு அப்பால், வேலிக்கருவைகளுக்கு நடுவே சின்னச் சின்ன அறைகளாக வரிசை. வெயிலுக்காகக் கதவெல்லாம் திறந்து கிடந்தது. முதல் அறைகளில் பெண்கள் தரையில் உட்கார்ந்து பூச்சட்டிகளை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கூரை மூலைகளில் கேமராக்கள். முதலாளி டவுனில் இருந்தபடியே பார்ப்பார். அறை வாசலில், நீலப் பருத்திச் சேலையில் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள்.

கூப்பிட வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். 'வெளியே ஓடி வாங்க' என்று கத்தினால் என்ன ஆகும்? அத்தனை பேரும் அடித்துப் பிடித்து எழுந்திருப்பார்கள். சேலை உரசும். தலைமுடி உரசும். மருந்துத் தட்டைத் தாண்டிக் குதிப்பார்கள். கத்தினாலும் ஆபத்து, சும்மா இருந்தாலும் ஆபத்து.

"சீனிவேலு, அந்த மைக்கைக் குடு."

"ஷிப்டு சொல்ற மைக்கா? மேனேஜர்ட்ட கேக்காம..."

"குடுடா மாப்ள, ஒன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

அவர் முகத்தைப் பார்த்த சீனிவேல் மைக்கை எடுத்து நீட்டினான். தங்கப்பழம் அதன் பட்டனை அழுத்தினார். மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் கரகரத்தன.

"வணக்கம். வேலாண்டிபுரம் மாத வானிலை. வாசிப்பது தங்கப்பழம்."

உள்ளே தலைகள் நிமிர்ந்தன.

"இந்த மாசம் உங்களுக்காக நேர்லயே வந்து வாசிக்கிறேன். அதனால யாரும் எந்திரிக்கக் கூடாது. அதான் மரியாதை. கையில இருக்கிறத மெதுவா, பச்சைப் பிள்ளைய தொட்டில்ல போடுற மாதிரி, கீழ வச்சிருங்க. சேலைய இழுக்க வேண்டாம். தலைய கோத வேண்டாம். பக்கத்துல இருக்கிற ஆளைத் தொட வேண்டாம். உக்காந்த எடத்துல அப்படியே உக்காந்து கேக்கணும்."

ஜெயக்கொடி எழுந்துவிட்டாள். அவரைப் பார்த்து வலது கையை உயர்த்தி, 'வேண்டாம், வேண்டாம்' என்பது போல் அசைத்தாள். வேலை நேரத்தில் வந்து கூத்தடிக்கிறாரே என்று கோபப்படுகிறாள் என்று நினைத்தார்.

"போர்மேனம்மாவும் நிக்கிற எடத்துலயே நிக்கணும். போன மாசம் மழை பெய்ததா? இல்லை. மழைமானியில் பல்லி மட்டும் இரண்டாவது தடவையாக முட்டை வைத்திருக்கிறது. தாயும் சேயும் நலம்."

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினாள். சிரிக்கிறாளா, பயத்தில் அழுகிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. 'குலுங்காதே தாயி' என்று மனசுக்குள் கும்பிட்டார்.

பேசினார். பங்குனி வெயிலைப் பற்றிப் பேசினார். ஆடிக்காற்று எந்த வீட்டு ஓட்டைத் தூக்கிக்கொண்டு போயிற்று, யார் வீட்டுக் காயப்போட்ட வேட்டி யார் வீட்டுப் புளியமரத்தில் சிக்கியது என்றெல்லாம் பேசினார். சொல்ல ஒன்றுமில்லாமல் போனபோது, பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை பெய்த ஆலங்கட்டி மழையைத் திரும்பப் பெய்ய வைத்தார். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கப் பயந்தார். துடைத்தால் சட்டை உரசும். கண் மேற்கையே பார்த்துக்கொண்டிருந்தது. மேட்டில் கோபுரங்கள் அசையாமல் நின்றன. ஹெலன் செய்யவில்லை. மூன்று ஊர்த் தண்ணீரை யார் கொட்டுவார்கள்? அவள் இடத்தில் நானாக இருந்தால் கொட்டுவேனா?

அப்போது சீனிவேல் அவர் முழங்கையைத் தொட வந்து, தொடாமல் கையை இழுத்துக்கொண்டு, "அண்ணாச்சி, அங்க பாருங்க" என்றான்.

வேலிக்கருவைகளின் தலைக்கு மேல் வெள்ளையாக ஒன்று தவழ்ந்து வந்தது. மார்கழி விடியற்காலையில்கூட அந்த ஊர் பார்த்திராத மூட்டம். சரிவில் இறங்கி, கம்பி வேலியைக் கடந்து, தகரக் கூரைகளை மூடியது. முகத்தில் சில்லென்று பட்டது. தங்கப்பழத்தின் சட்டை தொளதொளவென்று மார்பை விட்டு இறங்கியது. கை ரோமங்கள் படுத்தன.

"இப்ப," என்றார் மைக்கில், "ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வெளிய வாங்க."

வந்தார்கள். புகைக்குள்ளிருந்து வருவது போல் ஒவ்வொரு உருவமாக வந்தது. வாசலில் தகட்டம்மா நனைந்து, வருஷக்கணக்கான குங்குமம் கரைந்து சிவப்பாகத் தரையில் வழிந்தது. கடைசியாக ஜெயக்கொடி வந்தாள். அவர் மைக்கைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

சாயங்காலத்துக்குள் மூன்று ஊரிலும் குழாய் காற்றுவிட ஆரம்பித்தது.

தங்கப்பழத்தின் வீட்டு வாசலில் காலிக் குடங்களோடு சனம். "பொண்டாட்டி மேல அவ்வளவு பாசம்னா வீட்டுல வச்சுப் பூட்ட வேண்டியதுதானய்யா!" என்று ஒருத்தி கத்தினாள். கல்யாண வீட்டுக்காரர் வேறு மாதிரி கத்தினார். வெடித்திருந்தால் அழுதிருப்பார்கள். வெடிக்காததற்கு யார் நன்றி சொல்வது? தங்கப்பழம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்ன வேணாலும் சொல்லட்டும்," என்றார். "நீங்க எல்லாரும் உசுரோட இருக்கீங்க."

ஜெயக்கொடி அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தாள். "ஏங்க, ஒண்ணு சொன்னா கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"நாங்க இன்னிக்கு மருந்தே செலுத்தல."

அவருக்குப் புரியவில்லை.

"காலையில தகட்டைத் தொட்டுட்டுக் கதவுத் தாப்பாள்ல கைய வச்சேன். சுளீர்னு அடிச்சிச்சு. அப்பவே தகட்டம்மா செத்துட்டான்னு தெரிஞ்சிபோச்சு. மேனேஜர்ட்ட சொன்னேன். காய்ஞ்சா நல்லதுங்கிறாரு. கேமராவுல மொதலாளி பாத்துக்கிட்டே இருப்பாரு, சும்மா உக்கார முடியாது. மருந்தெல்லாம் தூரத்துல கொண்டுபோய் வச்சிட்டு, சட்டிக்கு அடியில அடைக்கிற களிமண்ணுல கரித்தூளைக் கலந்து காலையில இருந்து அதைத்தான் ரொப்பிக்கிட்டு இருந்தோம். நீங்க மைக்குல பேசப் பேச, 'வேண்டாம்'னு கையக் காட்டுறேன், நீங்க பல்லிக்குப் பிரசவம் பாத்துக்கிட்டு இருக்கீங்க. கேமராவுக்கு முன்னால நான் வேற என்னத்தச் சொல்ல?"

தங்கப்பழம் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார். மண்ணுக்காகவா? மூன்று ஊர்த் தண்ணீரை ஒரு சட்டி மண்ணுக்காகவா கொட்டினேன்?

"தாப்பாள் அடிச்சதை வச்சா காத்துதான் காரணம்னு கண்டுபிடிச்ச?"

அவள் முந்தானையைத் திருகினாள். "போன மாசம் சொன்னீங்கள்ல, சேலை சடசடக்குது, காத்துல ஈரம் கொறைஞ்சிட்டே வருதுன்னு."

"நீதான் கேக்கவே மாட்டியே!"

"எல்லா மாசமும் கேப்பேன்," என்றாள் ஜெயக்கொடி. "மத்தியானச் சோத்துக்கு வாசலுக்கு வருவோம்ல, அப்ப எல்லாரும் சேந்து கேப்போம்."

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஹெலன். ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணாச்சி, மதினி பத்திரமா?"

"பத்திரந்தாம்மா." உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "உன்னைய என்ன சொன்னாங்க?"

"ஐடி கார்டைப் பிடுங்கிட்டு வெளிய அனுப்பிட்டாங்க. விசாரணை வருமாம். அது கெடக்கட்டும். நான் அதுக்காகக் கூப்பிடல." ஹெலனின் குரல் அவசரப்பட்டது. "தொட்டி சுத்தமாக் காலி. காலியான தொட்டியப் பாத்தா மிஷின் என்ன செய்யும்னு உங்களுக்குத் தெரியும்ல? மேலிடத்துல சொல்லிப் பாத்தேன், சனம் குடத்தோட நிக்குது, நிறுத்த முடியாதுங்கிறாங்க. எல்லாக் கோபுரமும் இப்பவே இழுக்க ஆரம்பிச்சிருச்சு. நாளைக்குக் காலையில பள்ளத்துல இருக்கப் போற காத்து... இன்னிக்கு இருந்தது அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி."

ஹெலன் போனை வைத்தாள். வெளியே குடங்கள் மோதிக்கொண்டன.

"நாளைக்கும் மண்ணை ரொப்ப முடியுமா?" என்று கேட்டார் தங்கப்பழம்.

ஜெயக்கொடி இல்லை என்று தலையை ஆட்டினாள். "காலையில சரக்கை எடை போடுவாங்க. தெரிஞ்சிரும். நாளைக்கு நெசமான மருந்துதான். நான் இல்லாட்டி இன்னொரு போர்மேன் வந்து செலுத்தச் சொல்லுவான். இன்னிக்கு முகூர்த்தத்துக்கு லீவு விட்ட பக்கத்துக் கம்பெனிகளும் நாளைக்குத் தெறந்திரும், அங்க மண்ணு ரொப்பச் சொல்றதுக்கும் ஆள் கிடையாது."

அவர் போனை எடுத்தார். ஒன்றாம் தேதி இன்னும் முடியவில்லை. காலையில் பாதி பதிவு செய்த மாத வானிலை அப்படியே கிடந்தது. அதை அழித்தார். புதிதாகப் பேச பட்டனை அழுத்தினார்.

"வணக்கம். வேலாண்டிபுரம்..."

பட்டனிலிருந்து விரலை எடுத்தார். தண்ணீர் கொட்டிய மனுஷன் சொன்னால் இனி எந்த ஊர் கேட்கும்?

ஜெயக்கொடி எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டாள். நடந்ததைச் சொன்னால் நாளைக்கு வேலை இருக்காது. அது அவளுக்குத் தெரியும். மண்ணைப் பற்றிச் சொன்னால் ஊரே காறித் துப்பும் என்பதும் தெரியும்.

"மொதல்ல ஹெலன்ட்ட சொல்லிருவோம்," என்றாள். "அந்தப் பிள்ளை நம்மளை நம்பித்தான தொட்டியத் தெறந்துச்சு?"

ஹெலனை அழைத்துச் சொன்னார்கள். மறுமுனையில் ஹெலன், "சரி மதினி. எல்லாத்தையும் சொல்லிருங்க" என்றாள்.

ஜெயக்கொடி பட்டனை அழுத்திப் பிடித்தாள். கணவனின் தோரணை அவளுக்கு அப்படியே வந்தது. எத்தனை மாதம் கேட்டிருப்பாள்!

"வணக்கம். வேலாண்டிபுரம், நாளைய வானிலை. வாசிப்பது போர்மேன் ஜெயக்கொடி. நாளைக்கு யாரும் வேலைக்குப் போகாதீங்க."